ரெக்கார்டு நோட்டு யார் கையில்?

1998-இல் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தேன். வகுப்பில் அறுபது பேர். பெண்கள் நாங்கள் மூன்று பேர். இரும்பை அரத்தால் தேய்த்து ராவப் பழகும் ஃபிட்டிங் ஷாப்பில் முதல் நாள், ஆறு பேருக்கு ஒரு வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) என்று குழு பிரித்தார்கள். எங்கள் மூவரையும் ஆளுக்கொரு குழுவில் போட்டார் வாத்தியார். குழுவுக்கு ஒரு பெண் பிள்ளை இருந்தால் ரெக்கார்டு சுத்தமாக வரும் என்பது அவர் கணக்கு. "நீ அளவெல்லாம் குறிச்சுக்கோ கண்ணு, ராவறத பசங்க பார்த்துக்குவாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் நோட்டைப் பிரித்து, தலைப்பு எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன்.

அந்த அன்பைத் தாண்டி வர எனக்குப் பல வருடம் ஆனது. இப்போது நானே ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பிலும் அதே நோட்டு அதே போலப் பெண் பிள்ளைகள் மடிக்குத் தானாகப் போய்ச் சேருவதைப் பார்க்கிறேன். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமாக இருக்கிறது.

படிப்பில் இடம் கிடைப்பது நிறைய மாறிவிட்டது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் அறிவியல் படிப்புகளில் இருந்த 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள், பாதிக்கு மேல். ஐ.ஐ.டி.களில் 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கினார்கள். 2020-க்குள் இருபது சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். நல்லது, வேண்டியதுதான். ஆனால் உள்ளே வந்த பெண்ணின் கையில் என்ன கொடுக்கிறோம் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றி.

எங்கள் ஊர் சோமனூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டினார்கள். அம்மா ஒரே சமயத்தில் நாலு தறி பார்ப்பாள். பாவு நூல் அறுந்தால் சத்தத்தில் இருக்கும் சின்ன மாற்றத்திலேயே தெரிந்துகொண்டு ஓடுவாள். நாடா அடிபடும் தாளம் பிசகினால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவாள். ஆனால் தறி நின்றுபோனால் ஃபிட்டர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்பானர் பெட்டி ஃபிட்டருடையது. வந்தவர் எங்கே கோளாறு என்று அம்மாவைத்தான் கேட்பார், அம்மா சொல்லுவாள், அவர் அந்த இடத்தில் திருகி இறுக்கிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். மெக்கானிக்கல் எடுக்கிறேன் என்று நான் சொன்னபோது உறவில் எல்லோரும் கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்னார்கள். அம்மா மட்டும், "அந்தப் பொட்டியத் தொறக்கக் கத்துக்கிட்டு வா" என்றாள்.

முதல் வருட மாடல் பிராக்டிகலில்தான் முதல்முறையாக நான் வைஸ் முன்னால் தனியாக நின்றேன். ஐம்பதுக்கு ஐம்பது மில்லிமீட்டர், ஆறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் தகடு. இரண்டு ஓரங்களைச் செங்கோணமாக ராவ வேண்டும். செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடையில் வெளிச்சம் கசியக் கூடாது. செய்முறை எனக்குத் தலைகீழ்ப் பாடம்; ஆறு மாதமாக அதைத்தானே அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் ராவினேன். நடுவில் மேடு, இரண்டு முனையிலும் சரிவு. ஒவ்வொரு தடவை தூக்கிப் பிடிக்கும்போதும் பிறை போல வெளிச்சம் தெரிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலி. பக்கத்தில் இருந்த பையன் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். எனக்குப் பலம் இல்லை, இது ஆம்பளைங்க வேலைதான் என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன்.

ஷாப்பில் அட்டெண்டராக ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் போன பிறகு இரும்புத் தூளைக் கூட்டிக்கொண்டே என் தகட்டை எடுத்துப் பார்த்தார். "நில்லு அம்மணி, ராவு, பார்க்கலாம்" என்றார். ராவினேன். ஒன்றும் சொல்லாமல் ஸ்டோருக்குப் போய், பேக்கிங் பெட்டியிலிருந்து பெயர்த்த பலகைகளை அடுக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார். "இப்ப ஏறி நின்னு ராவு."

வைஸின் வாய் நம் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்கை தரைக்குச் சமமாக ஓடும், அரம் நேராகப் போகும். அந்த ஷாப்பின் மேஜைகள் ஐந்தரை அடி ஆணுக்குப் போட்டவை. நான் நாலடி பத்தங்குலம். எனக்கு வைஸ் நெஞ்சுக்குக் கிட்டே இருந்தது. கை மேலே தூக்கியே இருந்ததால் அரம் ஒவ்வொரு தள்ளலிலும் ஆடியது, ஆடியதால் முனைகள் தேய்ந்து நடுவில் மேடு நின்றது. ஐந்தாறு அங்குலப் பலகை வந்ததும் அரம் சொன்னபடி கேட்டது. இடது கால் முன்னே, வலது கால் பின்னே, உடம்பின் எடையே அரத்தைத் தள்ளிக்கொடுத்தது. தள்ளும்போது மட்டும் அழுத்து, திரும்பும்போது லேசாக விடு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் பிறை மறைந்தது.

அவ்வளவு நாளும் என் கைமேல் போட்ட பழி மேஜையின் உயரத்துக்குச் சேர வேண்டியது. இதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ஒரு கருவி உனக்கு ஒத்துவரவில்லை என்றால், முதலில் கருவியையும் மேஜையையும் அளந்து பார். கையுறை பெரிதாக இருந்தால் பிடி நழுவும். சேஃப்டி ஷூ நாலாம் நம்பர் ஸ்டோரில் இருக்காது. ஆறாம் நம்பரை இரண்டு சாக்ஸோடு போட்டுக்கொண்டு ஏணி ஏறினால் தடுக்கும், பிறகு 'பெண்களுக்கு ஏணி ஏறத் தெரியாது' என்று பேராகிவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஷூ நம்பர், கையுறை அளவு, கோட் அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டோரில் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் மறந்துபோகும். லேத் (கடைசல் இயந்திரம்) பக்கம் துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல் எதுவும் வேண்டாம். இதில் ஆண் பெண் பேச்சே இல்லை, இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற சக்குக்கு யார் என்று தெரியாது.

இரண்டாம் வருடத்தில் நான் குழுவில் பேசி ஒரு முறை வைத்தேன். ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் ரெக்கார்டு. முணுமுணுத்தார்கள், என்றாலும் ஒத்துக்கொண்டார்கள். லேத்தில் டூல் செட்டிங், டேப்பர் டர்னிங் (கூம்பாகச் சீவுவது), திரெட் வெட்டுவது எல்லாம் என் முறைக்கு வந்தபோது நானே செய்தேன். சொதப்பிய ஜாப்கள் நிறைய. ஆனால் அவை என் கையால் சொதப்பியவை, எங்கே தப்பு என்று எனக்குத் தெரியும்.

2001-இல் பம்பு செட் செய்யும் ஒரு ஆலையில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் வெர்னியர் அளவுகோல் பிடிக்கத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் அன்று தடுமாறினேன். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது இது: கோபப்படாதே, கெஞ்சவும் செய்யாதே, "அது வேலையைப் பாதிக்காதுங்க சார், ஷிப்ட் நேரமும் வேலையும் சொல்லுங்க" என்று பேச்சை வேலைக்கே திருப்பு.

சேர்த்துக்கொண்டவர்கள் தர உறுதிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். அப்போது எல்லா ஆலைகளும் ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஃபைல்கள் மலை போலக் குவிந்திருந்தன. என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மேனேஜர் பாராட்டினார். திரும்பவும் நோட்டு! மூன்று வருடம் அந்த நாற்காலியில் போனது. என்னோடு சேர்ந்த பையன்கள் ஷாப் ஃப்ளோரில் இருந்தார்கள், ராத்திரி ஷிப்ட் பார்த்தார்கள், எந்த மெஷின் எப்போது சண்டித்தனம் செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. 2004-இல் பராமரிப்புப் பிரிவில் உதவிப் பொறியாளர் இடம் காலியானது. கேட்டுப் போனேன். "ராத்திரியில ஒரு பிரேக்டவுனாச்சும் பார்த்திருக்கியாம்மா?" என்று கேட்டார்கள். பார்த்ததில்லை. ஏன் பார்த்ததில்லை என்றால் ராத்திரி ஷிப்டில் என்னைப் போடவே இல்லை. ஏன் போடவில்லை என்றால், "சட்டம் இடம் குடுக்காதும்மா."

ஊருக்குப் போனபோது அப்பாவோடு விசைத்தறி சங்கத்தில் இருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார், பிறகு சொன்னார்: பெண்களை ராத்திரி ஏழு முதல் காலை ஆறு வரை வேலை வாங்கக் கூடாது என்றிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66(1)(b) பிரிவை 2000-ஆம் ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று. வாகன வசதி, பாதுகாப்பு, ஓய்வறை போன்ற நிபந்தனைகளோடு பெண்கள் ராத்திரி வேலை பார்க்கலாம். நான் வேலையில் சேர்வதற்கு முன்பே வந்த தீர்ப்பு. மூன்று வருடமாக இல்லாத ஒரு தடையை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். (அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் சில பாகங்களைப் பெண்கள் சுத்தம் செய்யக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது என்றது. ஓடுகிற மெஷினில் கைவிடுவது ஆணுக்கும் ஆபத்துத்தானே? பாதுகாப்பு விதி எல்லோருக்குமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.)

சட்டம் பேசிக்கொண்டு நான் சண்டைக்குப் போகவில்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முதல் பத்தி, எனக்குத் தெரிந்த மெஷின்கள், தர உறுதியில் இருந்துகொண்டு நான் கண்டுபிடித்துச் சொன்ன கோளாறுகள். இரண்டாம் பத்தி, தீர்ப்பு. மூன்றாவது, ஸ்டாஃப் வேன் வருகிற வழியிலேயே என் வீடு இருப்பதால் தனிச் செலவு இல்லை, இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் இன்னொரு பெண்ணும் வரத் தயார் என்பது. வரிசை முக்கியம். வேலையால் அவர்களுக்கு என்ன லாபம் என்பது முதலில் வர வேண்டும்; மறுப்பதற்கு அவர்கள் சொல்லக்கூடிய காரணத்துக்கு வழி கடைசியில் இருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து மாதத்தில் ஒரு வாரம் என்று அனுமதி வந்தது.

மூன்றாவது ராத்திரி, மணி இரண்டு இருக்கும். கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் சி.என்.சி. லேத் ஒன்று நின்றுவிட்டது. வெட்டும் டூல்களைத் தாங்கும் டர்ரெட் திரும்பி உட்கார்ந்த பிறகும் கிளாம்ப் ஆகவில்லை, அதாவது இறுகவில்லை என்று திரையில் அலாரம். ரீசெட் போட்டால் ஒரு சுற்று ஓடும், மறுபடி நிற்கும். ஆபரேட்டர் அண்ணன் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாராவது வருவார்களா என்று. ஹைட்ராலிக் அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. கை வைத்துப் பார்த்தால் டர்ரெட் இறுகித்தான் இருக்கிறது. அப்படியென்றால் கிளாம்ப் ஆகிறது, அந்த நிலையைச் சொல்லும் சென்சார்தான் பொய் சொல்கிறது. மெயினை அணைத்து, பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். அந்த சென்சாரின், ப்ராக்ஸிமிட்டி ஸ்விட்சின், முகத்தில் கூலண்ட் சகதியோடு மெல்லிய இரும்புச் சீவல் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியின் கேஸ்கெட் கிழிந்து அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. துடைத்து, இடைவெளி சரிபார்த்து, மூடியைப் போட்டு ஓடவிட்டேன். ஓடியது. அந்த அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை; தன் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் டீ ஊற்றி மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் கேஸ்கெட் மாற்றச் சொல்லி லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் இருந்த முதல் பிரேக்டவுன் பதிவு. அடுத்த வருடம் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

உங்கள் பெயர் லாக் புத்தகத்தில் இருக்க வேண்டும். வேலை செய்தவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வுக்குப் பேச்சு வரும்போது நினைவில் இருப்பதைவிட எழுத்தில் இருப்பது பேசும்.

ஆலையில் தகாத பேச்சும் இருந்தது. அப்போது புகார் சொல்ல முறையான இடம் இல்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் வந்த பிறகு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பெண் ஒருவர் தலைமையில் உள் புகார்க் குழு கட்டாயம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சேரும்போதே குழுவில் யார் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகை சுவரில் இருக்க வேண்டும்.

2006-இல் மகள் பிறந்தாள். அன்று மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு வாரம். 2017 திருத்தத்தில்தான் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரமானது. குழந்தைகள் காப்பகத்துக்கு அன்றைய சட்டக் கணக்கு, முப்பதுக்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால்தான். எங்கள் ஆலையில் பெண்கள் இருபது பேர் கூட இல்லை. பெண்கள் குறைவு, அதனால் காப்பகம் இல்லை. காப்பகம் இல்லை, அதனால் பெண்கள் நிற்பதில்லை. 2017 திருத்தம் இதை உடைத்தது: ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். இந்த ஒரு கணக்கு பத்து வருடம் முன்னால் மாறியிருந்தால் நான் வேலையை விட்டிருக்க மாட்டேன். விட்டேன். நாலு வருடம்.

அந்த நாலு வருடத்தில் செய்த ஒரே புத்திசாலித்தனம், சித்தப்பா மகன் வைத்திருந்த லேத் பட்டறைக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை போனது. குழந்தையை அம்மா பார்த்துக்கொண்டாள். காசுக்காக இல்லை, கை மறக்காமல் இருக்க. கணபதி, பீளமேடு பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கிற ஊர் இது. அந்த வசதி எனக்கு இருந்தது. அறிவியல் ஆராய்ச்சியில் இருந்து இடையில் விட்டவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதலே திரும்பி வரும் பெண்களுக்கான உதவித்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. இப்போது வைஸ்-கிரண் என்ற பெயரில் நடக்கிறது. டிப்ளமோக்காரர்களுக்கு எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றும் இல்லை. 2010-இல் பிற ஆலைகளுக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறையில் சி.என்.சி.க்கு புரோகிராம் போடும் வேலையில் சேர்ந்தேன், சம்பளம் விட்டதைவிடக் குறைவு. மாலையில் பகுதிநேர பி.இ. நாலு வருடம்.

அந்த வருடங்களில் வீட்டுக்காரர் ராத்திரிச் சமையலை எடுத்துக்கொண்டார். உதவி என்று எடுக்கவில்லை, தன் வேலை என்றே எடுத்துக்கொண்டார். அந்த வித்தியாசம் எனக்குத்தான் தெரியும். உதவி என்றால் உப்பு எங்கே இருக்கிறது என்று நம்மைக் கேட்பார்கள், தன் வேலை என்றால் உப்பு தீர்ந்ததும் அவரே வாங்கி வருவார். மாமியாருக்கு முதலில் மனசில்லை. தேர்வு முடிவு வந்த அன்று அவர்தான் தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

பதினோரு வருடமாக வாத்தியாராக இருக்கிறேன். சேர்ந்த முதல் வாரம் ஸ்டோரில் சொல்லி மரப்பலகை மேடைகள் எட்டுச் செய்து வாங்கினேன், இரண்டு உயரத்தில். வைஸ் முன்னால் நின்று முழங்கையை மடக்கிப் பார், தேவைப்பட்டால் போட்டுக்கொள் என்பதுதான் முதல் வகுப்பின் முதல் பாடம். பெண்களுக்கென்று செய்தது, முதல் நாளே குட்டையாக இருந்த ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து தனக்கும் ஒன்று கேட்டான். அவன் அதுவரை தனக்குக் கை சரியில்லை என்று நினைத்திருக்கிறான்.

ரெக்கார்டு வாரம் ஒருவர் என்று மதிப்பெண் முறையிலேயே சேர்த்துவிட்டேன். வைவாவில் "இந்த டேப்பருக்கு காம்பவுண்ட் ரெஸ்ட் செட் பண்ணினது யாரு?" என்று கேட்பேன், செய்தவருக்குத்தான் மதிப்பெண். ஆறு பேர் குழுவில் ஒரே ஒரு பெண்ணை விட மாட்டேன். தனியாக விட்டால் எவ்வளவு துடிப்பான பெண்ணும் இரண்டாவது வாரம் நோட்டும் கையுமாக ஓரத்தில் நிற்கிறாள். இரண்டு மூன்று பேராக இருந்தால் ஒருத்தி சக் கீயை எடுக்கிறாள், மற்றவள் பின்னால் வருகிறாள். சில ஆசிரியர்கள், "எல்லாக் குழுவுக்கும் சமமாப் பிரிச்சாத்தானே சமத்துவம்?" என்று கேட்டார்கள். நான் அப்படிப் பிரிக்கப்பட்டவள், அதனால் எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

வகுப்பில் லலிதா அம்மையார் கதையைத் தவறாமல் சொல்வேன். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக்கல் படித்து, இந்தியாவின் முதல் பெண் எலெக்ட்ரிக்கல் பொறியாளர் ஆனவர். அதே காலத்தில் அங்கே சிவில் படித்த தெரேசியா பின்னால் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதாவின் பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்ற இடத்தில் பிள்ளைகள் வியந்துபோவார்கள். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி, அவர் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருடம் பயிற்சி எடுத்தார் என்பது. அந்தக் காலத்தில், ரயில் எஞ்சின் பழுது பார்க்கும் பணிமனையில்! பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் வேலை இருந்தது. செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போய்ப் படித்த நிகர் ஷாஜி, 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர். அவர் படம் எங்கள் ஷாப் சுவரில் இருக்கிறது, மாணவிகளே ஒட்டியது.

பணம் பற்றி இரண்டு விஷயம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரிவாக்கினார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை டிப்ளமோ, பட்டம் இரண்டுக்கும் உண்டு. வருடத்துக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. முதல் வருடத்திலோ, நேரடி இரண்டாம் வருடத்தில் சேர்ந்தாலோ தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று வாங்கத் தாமதமாகி இதை விட்டவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். சேர்க்கை நடக்கும்போதே தாலுகா அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

இந்த வருடம் ஒரு மாணவிக்கு ஓசூரில் ஒரு ஆலையில் பராமரிப்புப் பிரிவிலேயே வேலை வந்திருக்கிறது, சுழற்சி முறையில் ராத்திரி ஷிப்டோடு. அவள் அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போனில் பேசினால் அரை மணி நேரமும் ஒரே பதில்: "ராத்திரிங்க மேடம்." அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ராத்திரி ரோட்டில் அவர் பார்க்காததையா நான் பார்த்திருக்கப் போகிறேன். மகளோடு நேரில் வரச் சொன்னேன். வந்தார். சமாதானம் எதுவும் சொல்லாமல் ஒரு தாளை எடுத்து, ஆலையைக் கேட்க வேண்டிய கேள்விகளை மூன்று பேரும் சேர்ந்து எழுதலாம் என்றேன். விடுதி ஆலை நடத்துவதா, தனியாருடையதா? வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி பக்கத்தில் இருக்கிறதா? ராத்திரி ஷிப்டில் எத்தனை பெண்கள்? புகார்க் குழுவில் யார்? பெண்கள் கழிவறை மெஷின் ஷாப்பிலிருந்து எவ்வளவு தூரம்? ஷூ நாலாம் நம்பர் இருக்கிறதா? இதை மகள் கேட்டாள். பிரேக்டவுனில் நேரம் தாண்டினால் திரும்பி வர வண்டி உண்டா?

அவர் வெகு நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பேனாவை வாங்கி, கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'வேன் விடுதி வாசல் வரைக்கும் வருமா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார்களா?'

திங்கட்கிழமை அவரே ஆலைக்கு போன் செய்து கேட்பதாகச் சொல்லிவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.